அருமைநாயகம் கொத்தனார் குடித்த காப்பி

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரிக்கிற சிரிப்பு. அதை இப்போதே எடுத்து நீட்டிவிடலாம்தான். ஆனால் அருமைநாயகம் கொத்தனார் அதற்காக ஒன்பது வருஷம் காத்திருந்தார், தனக்கு அது வருமென்று தெரியாமலே காத்திருந்தார், நீங்கள் கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அதுவரைக்கும் சிரிக்க எதுவும் இல்லை. அல்லது இருக்கிறது, ஆனால் சிரித்தால் பாவம்.

எலியேசர்விளையில் கோயில்குட்டி என்றால் கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிக்கிறவர். அவர் நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன்கிழமை காலையில் சாவிக்கொத்தோடு போனபோது கோயில் வாசல் ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் ஏறி நின்றுகொண்டிருந்தது. கதவு, நிலை, கொண்டி, பூட்டு எல்லாம் அப்படியே இருந்தன, ஒரு செங்கல் பெயரவில்லை, வாசல் இருந்த இடத்தில் போன கிறிஸ்மஸுக்கு அடித்த வெள்ளையோடு சுவர் இருந்தது, சுவரில் ஒரு பல்லி இருந்தது. கோயில்குட்டி கூச்சல் போடவில்லை. கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஜோதிமுத்து வீட்டுக்குப் போய், அவர் பல் தேய்த்து முடிக்கிறவரை நின்று, "வாசல் மேல போயிட்டு" என்றார்.

"எவ்வளவு மேல?"

"நம்ம கை எட்டாது."

"அப்பம் ஏணிய எடும்."

ஏணியைச் சாத்தினார்கள். சாத்திய ஏணியின் உயரத்துக்கு வாசல் இன்னும் கொஞ்சம் ஏறிக்கொண்டது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்கிறவர் போல, மரியாதையாக. ஏணியை எடுத்தால் இறங்கியது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு ஊர் கூடிப் பேசி, ஏணி கோயிலுக்கு மதிப்பில்லை, கல்லில் படிக்கட்டுத்தான் சரி என்று முடிவு செய்தது. உபதேசியார் ஜோதிமுத்து, எந்த வாக்கியத்தையும் மூக்கு வழியாக இழுத்துத்தான் முடிக்கிறவர், பூவரச மரத்தடியில் நின்று அறிவித்தார்: "படிக்கல்லை யார் வேண்டுமானாலும் வைக்க முடியாது, நற்கிரியை செய்தவர்களே வைக்கலாம், ஒருநாள் உபவாசத்துக்கு ஒரு கல், நோயாளியைப் போய்ப் பார்த்தால் ஒரு கல், பேசாமல் இருந்த பங்காளியோடு பேசினால் இரண்டு கல், என்று தாழ்மையுடன் அறிவித்துக்கொள்ளுகிறேஎன்."

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ஊர் எதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் எலியேசர்விளையில் நோயாளிகளுக்குத் தட்டுப்பாடு வந்து, லேசாக இருமினவர்கள் வீட்டு முன்னால் கிழங்குப் பொட்டலத்தோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள், பங்காளிகள் காலையில் சண்டை போட்டுச் சாயங்காலம் சமாதானமாகி இரண்டு கல் வாங்கிப்போனார்கள், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் சர்பத் கடை போட்டார், பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டு, "எங்க ஊருக் கோயில்ல வாசல் இப்படிச் சேட்டை பண்ணாது" என்று சொல்லிப் போனார்கள். குருவானவரை அங்கே ஐயர் என்பார்கள்; அவர் பதினேழாவது படியில் நின்று, தேவ கிருபை இலவசம், அதை எந்த மனுஷனும் சம்பாதிக்க முடியாது என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். எல்லாரும் கண்ணீரோடு ஆமென் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பதினெட்டாவது படிக்குக் கல் தூக்கப் போனார்கள்.

ஒரு படி வைத்தால் வாசல் ஒரு படி ஏறியது. இரண்டு வைத்தால் இரண்டு. கொத்து வேலைக்கு நின்ற அருமைநாயகம் தினமும் அளந்து பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். முதல் நாள் எவ்வளவு தூரம் பாக்கி இருந்ததோ இருபதாம் நாளும் அதே தூரம்தான் பாக்கி இருந்தது, அரை அங்குலம்கூட மாறவில்லை. இதைப் பார்த்த எந்தக் கொத்தனாரும் கரணையைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருப்பார். அருமைநாயகம் யோசிக்கவில்லை. படி போதவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தார். ஊரில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் அந்த வாசல் வேண்டியிருந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தம்பி சத்தியநேசன் வீட்டுக்கு அவர்தான் முன்னறை கட்டினார். கிறிஸ்மஸுக்குள் முடித்துத் தருகிறேன் என்று கோயிலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருந்தார். மழையில் ஆற்று மண் லாரி வரவில்லை. கடற்கரையிலிருந்து மாட்டுவண்டியில் மண் வந்தது. கொத்தனார்கள் மண்ணைப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார்கள். அருமைநாயகம் வைத்தார். கரித்தது. துப்பினார். வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு மழை நனைஞ்சா உப்பு போயிரும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அந்த மண்ணிலேயே சிமெண்டைக் குழைத்து ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போட்டார். கிறிஸ்மஸுக்கு முன்னறை முடிந்தது. பத்துப் பேரும் மெச்சினார்கள்.

உப்பு போகவில்லை. உள்ளே இருந்து கம்பியைத் தின்றது. அஞ்சு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், காற்றில்லை, மழையில்லை, சன்ஷேடு பாதியாக ஒடிந்து விழுந்தது, கீழே தம்பி மகள் பியூலா சோப்புத் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயது. உயிர் இருந்தது. இடது கால் முட்டிக்குக் கீழே சரியாகச் சேரவில்லை. "காலக் கொடுமை" என்றது ஊர். "உங்க கையில என்ன இருக்கு அண்ணன்" என்றான் சத்தியநேசன். அருமைநாயகம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாக்கில் அந்த மண் இன்னும் கரித்தது.

அதற்கப்புறம் அவர் தம்பி வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தவை ஏராளம். சுற்றுச்சுவர் கட்டினார், தண்ணீர்த் தொட்டி கட்டினார், பியூலா இறங்க வசதியாகச் சரிவாகத் தரை போட்டார், வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டி வழவழவென்று டைல்ஸ் ஒட்டினார், எல்லாம் நல்ல ஆற்று மண்ணில், ஒவ்வொரு சட்டியையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. ஆனால் கோயிலில் நற்கருணை நேரம் வந்தால், மற்றவர்கள் அப்பம் வாங்க முழங்காலில் நிற்கப் போகையில், "கலவை இறுகிரும்" என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டுப் பின்பெஞ்சிலிருந்து எழுந்து வெளியேறிவிடுவார். ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் கலவை இறுகிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, அந்தக் காப்பி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்பி வீட்டில் காப்பி குடிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பியூலாவுக்குப் பத்து வயதாயிருக்கையில் ஒருநாள் அவளே டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். வாயில் வைத்ததும் உப்பு, ஒரு கரண்டிக்குக் குறையாத உப்பு. அவர் முகம் சுளிக்கவில்லை. குடித்து முடித்து டம்ளரைக் கொடுத்தார்.

"எப்படி இருக்கு பெரியப்பா?"

"நல்லாருக்குட்டி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே ஓடினாள். அடுத்த ஞாயிறும் உப்பு. அதற்கடுத்த ஞாயிறும். பிள்ளை விளையாட்டு என்று அவர் நினைக்கவில்லை. ஒன்றும் அறியாத குழந்தையின் கையைப் பிடித்து ஆண்டவர் அந்தக் கடல் மண்ணைக் கரண்டி கரண்டியாகத் திருப்பி ஊட்டுகிறார் என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பேதி மருந்து குடிப்பது போல ஒரே மடக்கில் விழுங்கப் பழகிக்கொண்டார். அவர் குடிக்கக் குடிக்கப் பியூலா சிரித்தாள். பிறகு சத்தியநேசனும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான், அவன் மனைவி எப்சிபாய் அடுக்களைக்குள் போய்விட்டாள், பேப்பர் குலுங்குவதும் அடுக்களையில் பாத்திரம் உருளுவதும் கேட்கும். வருஷத்துக்கு வருஷம் அந்தச் சிரிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. சிரிக்கட்டும் என்று நினைத்தார். தனக்கு அது வேண்டியதுதான்.

பியூலாவுக்கு இப்போது பதினாறு. அவளிடம் ஒரு வித்தை இருந்தது, கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிச் செய்வாள். ரேஷன் கடைக்காரர் மாதிரி "பருப்பு முடிஞ்சு போச்சு" என்பாள், கூட்டம் கலைந்துவிடும். ஐயர் மாதிரி இருமினால் பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ஆனால் படிக்கட்டு விஷயத்தில் ஊர் அவளை நினைத்து உச்சுக்கொட்டியது. "பாவம், அந்தக் காலை வச்சுக்கிட்டு அவ எப்படி ஏறுவா, சேர்ல உக்கார வச்சு நாலு பேரு தூக்கணும்." அது அருமைநாயகத்தின் காதில் விழுந்தது. தான் ஒடித்த காலுக்கு எட்டாத படிக்கட்டைத் தானே கட்டுகிறோமே என்று வெந்து, மறுநாளிலிருந்து ஒவ்வொரு படியையும் நாலு அங்குல உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினார். வாசலும் நாலு நாலு அங்குலமாக ஏறியது.

இதற்கிடையில் சிலர் உள்ளே போய்விட்டார்கள். பெருங்குடிகாரன் தாசையா பலிபீடத்தடியில் குறட்டை விடுவது வெளியே கேட்டது. எழுந்து வந்தவனைப் பிடித்துக் கேட்டால், "வாசல் தெறந்துல்லா கெடந்துச்சு, கால் தடுக்கி உள்ள விழுந்துட்டேன்" என்றான். குடிகாரனுக்கு எங்கே பார்த்தாலும் வாசல்தான் என்று ஊர் கலைந்தது. காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த ஒருத்தி நேரே உள்ளே போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தாள், "படிக்கட்டா, நான் பாக்கலியே" என்றாள். அதைக் கமிட்டிக் கூட்டத்தில் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு ஆடும் போய்வந்தது. ஆட்டைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

மூன்றாவது வாரம் உள்ளேயிருந்து குரல்கள் கேட்க ஆரம்பித்தன. முதலில் உபதேசியாரின் குரல், அதே மூக்கு, அதே இழுவை: "எல்லாரும் சும்மா வரலாம், கல் தூக்க வேண்டாம், என்று தாழ்மையுடன் அறிவித்துக்கொள்ளுகிறேஎன்." வெளியே, கையில் கல்லோடு நின்ற உபதேசியாருக்கு முகமெல்லாம் பல். "கேட்டியளா, நம்ம சத்தம் உள்ள போயிட்டு! பரலோகத்துல நம்ம பேரு எழுதியாச்சு!" என்றார். சத்தம் சொன்னது என்ன என்று அவர் கவனிக்கவில்லை, தன் சத்தத்தைத்தான் கவனித்தார். மறுநாள் ஐயரின் இருமல் கேட்டது, "சும்மா வாங்கய்யா" என்றது. பிறகு சர்பத் கடைக்காரர் குரல், கோயில்குட்டியின் குரல். யார் குரல் கேட்கிறதோ அவர் வீட்டில் அன்று பாயாசம் வைத்தார்கள். பியூலாவின் வேலையாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டதற்கு நாலு பேர் பாய்ந்தார்கள், "நொண்டிக்கிட்டு அவ எங்க ஏற?" சரிதானே, எங்கே ஏற.

அருமைநாயகம் தன் குரலுக்காகக் காது கொடுத்து நின்றார். ஊரில் பாதிப் பேர் குரல் கேட்டுவிட்டது. அவர் குரல் கேட்கவில்லை. கேட்காது என்று அவருக்குத் தெரியும்.

பெரிய வெள்ளி வந்தது. மும்மணி ஆராதனையை ஊர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டது. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும், அதுவரை எல்லாரும் பட்டினி. அருமைநாயகம் அங்கே போகவில்லை. ஈஸ்டருக்குள் உள்ளே போய், பலிபீடத்துக்கு முன்னால் விழுந்து, அந்த மண்ணைப் பற்றிச் சொல்லி, ஒன்பது வருஷம் வாங்காத அப்பத்தை வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி இல்லை என்று அவருக்குத் தோன்றியது, அவருக்கு வயது அறுபதாகிறது, மார்பில் ஒரு வலி அடிக்கடி வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. மொட்டை வெயிலில் தனியாகக் கல் தூக்கினார். முப்பத்தெட்டு வைத்தார், ஏறியது. முப்பத்தொன்பது, ஏறியது. பள்ளிக்கூடத்திலிருந்து பாட்டு மிதந்து வந்தது. நாற்பது. நிலையின் தலை மணிக்கூண்டை இடித்துக்கொண்டு நின்றது, இதற்கு மேல் போக இடமில்லை, இதோ என்று நாற்பத்தொன்றாவது கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு பாதிப் படியில் வந்தபோது கால் மடங்கியது. கல் உருண்டு கீழே போய் மண்ணில் புதைந்தது. அவரும் கல்லுக்குப் பின்னாலேயே, உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கிவந்து, கீழே சுவரோரம் மண்ணில் உட்கார்ந்தார். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார்.

"என்னால முடியல," என்றார். யாரிடம் சொல்கிறோமென்று தெரியவில்லை. "இன்னும் நூறு படி வச்சாலும் முடியாது. உப்புன்னு எனக்குத் தெரியும். நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். பத்துப் பேரு மெச்சணும்னு போட்டேன். பிள்ளை காலு போச்சு. என்னால அதைத் திருப்பிக் கட்ட முடியல."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த, சிமெண்டுத் தூசி படிந்த, அவருடைய சொந்தக் குரல்.

"தெரியும்லா. அதுக்கென்ன, உள்ள வாரும்."

திடுக்கிட்டுச் சுவரில் சாய்ந்தார். முதுகில் கொண்டி குத்தியது, சுவர் இருந்த இடத்தில் வாசல் இறங்கியிருந்தது. கொண்டி கழன்றது, கதவு திறந்தது, அருமைநாயகம் கொத்தனார் இரண்டு காலும் வெளியே இருக்க, மல்லாந்தபடி கோயிலுக்குள் விழுந்தார்.

தலைகீழாகத் தெரிந்த கடைசிப் பெஞ்சில், தலைகீழாகப் பியூலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்க், இரண்டு டம்ளர்.

"மெதுவா வரக் கூடாதா பெரியப்பா," என்றாள் தன் குரலில்.

"நீ எப்படிட்டி ஏறுன?"

"எங்க ஏறுனேன்? இந்தக் காலை வச்சுக்கிட்டா? முதல் நாளே வந்து சுவர் முன்னால நின்னு, என்னால ஏற முடியாதேன்னு சொன்னேன். வாசல் கீழ வந்துட்டு."

"எங்ககிட்டச் சொல்லலாம்லா!"

"சொல்லலியா? உபதேசியார் குரல்ல சொன்னேன், ஐயர் குரல்ல சொன்னேன், தொண்டை வத்தச் சொன்னேன். எல்லாரும் ஆமென்னு சொல்லிட்டு அடுத்த கல்லைத் தூக்குனிய. நாப்பது நாளா ரெண்டு டம்ளர் கொண்டாறேன், உங்களத்தான் காணோம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, காலைப் பார்த்தார், அதையும் பார்க்க முடியவில்லை. "அந்த மண்ணு..." என்றார்.

"அப்பா அன்னைக்கே ஒடஞ்ச சில்லை நாக்குல வச்சுப் பாத்தாவளாம். எனக்குப் பத்து வயசுல சொன்னாவ."

"அவனுக்கு அன்னைக்கே..."

"அன்னைக்கே. உங்களைத் திட்டி ஒரு கடுதாசி எழுதி, கிழிச்சுப் போட்டுட்டு, உங்க வீட்டுக்குக் கறி குடுத்து விட்டாவளாம். எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. கேட்டப்ப உங்க கையைக் கடிச்சு வைக்கணும்போல இருந்துச்சு. அதான் உப்பு போட்டேன்."

"நியாயந்தான்," என்றார் அருமைநாயகம். "இன்னைக்கு வரைக்கும் குடிக்கேன்லாட்டி. சாவுற வரைக்கும் குடிப்பேன்."

பியூலா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்று மணி அடித்தது, உபவாசம் முடிந்தது. பிளாஸ்கைத் திறந்து ஊற்றி நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை இறுக்க மூடி, பாதி டம்ளரை ஒரே மடக்கில் விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"உப்பு?"

"எப்பவும் போலதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. "பெரியப்பா, கண்ணைத் தெறங்க. மிச்சத்தைச் சப்பிக் குடிங்க. மண்ணை நாக்குல வைப்பியள்லா, அப்படி."

அவர் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்தார். வைத்தபடி இருந்தார். வண்டி மண்ணில் ஒரு சிட்டிகை உப்பைக் கண்டுபிடிக்கிற நாக்கு. இன்னொரு சொட்டு வைத்தார்.

"ஒரே ஒரு வருசந்தான் உப்பு போட்டேன்," என்றாள் பியூலா. "அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உப்புக்குக் கையை நீட்டுனேன், கை தன்னால சீனிக்குப் போயிட்டு. ஏன்னு எனக்கே தெரியல. அஞ்சு வருசமாச்சு."

"கக்கூஸ் கட்டித் தந்தேனே, அதுக்காட்டி?"

"அதுக்கு முந்தியே."

"அப்பம் உங்க வீட்டுல வாரா வாரம் சிரிக்கிறது..."

"சீனிக் காப்பிய விஷம் மாதிரிக் குடிக்கிற ஆளைப் பாத்தா யாருக்குச் சிரிப்பு வராது? இந்த வாரமாவது கண்டுபிடிப்பாவளான்னு அம்மா ரெண்டு கரண்டி கூடப் போடுவா. அப்பா இனிமே சொல்லிருவோம்ட்டின்னாவ. நாந்தான், பொறுங்க, அவியளா கண்டுபிடிக்கட்டும்னேன்."

அருமைநாயகம் டம்ளருக்குள் பார்த்தார். அடியில் கரையாத சீனி ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தது. திறந்திருந்த வாசலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார், அவர் கட்டிய நாற்பது படியும், மட்டம் பிசகாமல், நல்ல ஆற்று மண்ணில், வெயிலில் மேலே மேலே போய், வெறும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் விரலை விட்டு அந்தச் சீனியை வழித்து நாக்கில் வைத்தார்.

"சீனி," என்றார்.

அப்போதுதான் அது அவருக்குப் பிடிபட்டது. முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு ஒன்பது வருஷமாக இறுகிக் கிடந்த அந்த வாய் திறந்தது.